ரயில் மேல ஆடினா சினிமா, ரிசார்ட்ல ஆடினா ரேவ், ஹட்டியில ஆடினா ஃபோக்... ஒரே பீட்டுக்கு எத்தனை பேர்?

நீலகிரி மலை ரயிலின் கூரை மேல ஷாருக் கானும் மலைக்கா அரோராவும் ஆடிய பாட்டு ஞாபகம் இருக்கா? 1998-ல் வந்த 'தில் சே' படத்தின் 'சைய்ய சையா'. தமிழில் 'உயிரே' படத்தின் 'தைய தையா'. ஏ.ஆர்.ரஹ்மான் இசை, மணிரத்னம் இயக்கம். வடக்கே யாரிடமாவது ஊட்டி ரயில் என்று சொல்லிப் பாருங்கள், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாட்டாகத்தான் இருக்கும்.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. இந்தப் பாட்டு என்ன வகை?

'சினிமாப் பாட்டு' என்பீர்கள். சரிதான். ஆனால், அதன் வேர் பஞ்சாபிச் சூஃபிக் கவி புல்லே ஷாவின் மரபில் இருக்கிறது. அப்போ சூஃபி இசையா? கல்யாண ரிசப்ஷனில் கன்சோல் முன்னாடி நிற்கும் டி.ஜே-வைக் கேட்டால், 'அது டான்ஸ் நம்பர் ப்ரோ' என்பார். 2006-ல் ஹாலிவுட் இயக்குநர் ஸ்பைக் லீ தன் 'இன்சைட் மேன்' படத்தை இந்தப் பாட்டோடு ஆரம்பித்தபோது, அமெரிக்க ரசிகர்களுக்கு அது 'பாலிவுட்'. பாட்டில் ஓர் அடி கூட மாறவில்லை. கேட்கும் இடம் மாற மாற, பேர் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

இன்னொரு விஷயமும் கவனிச்சீங்களா? நீலகிரியிலேயே படமான, உலகம் அறிந்த அந்த நடனப் பாட்டில் நீலகிரியின் தாளம் எதுவும் கிடையாது. மலை வெறும் பின்னணி. அப்போ இந்த மலைக்கே சொந்தமான ஆட்டத்துக்கும் இசைக்கும் என்ன பேர் வெச்சிருக்கோம்? அந்தப் பேர் அவற்றுக்கு என்ன செஞ்சிருக்கு?

எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், சுருக்கமா இ.டி.எம், இன்று ஊட்டி, குன்னூர் ரிசார்ட்களின் நியூ இயர் பார்ட்டி வரை வந்துவிட்டது. அதே சமயம், மலைக் கிராமங்களின் கல்யாணப் பாட்டுகளும் கீபோர்டு, ரிதம் பேட், கம்ப்யூட்டர் என்று முழுக்க எலெக்ட்ரானிக் ஆகிவிட்டன. இரண்டும் மெஷினில் பிறக்கிறது. இரண்டும் ஆடுவதற்கான இசை. ஆனால் ஒன்றை இ.டி.எம் என்கிறோம், இன்னொன்றை ஃபோக் என்கிறோம். ஒலியை வெச்சு அந்தப் பேரை வைக்கிறோமா, இல்லை ஆடுறவங்களை வெச்சா? இதுதான் இங்கே பார்க்க வேண்டிய கேள்வி.

முதலில் இ.டி.எம் பிறந்த ஊர்களுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு, மலைக்குத் திரும்பலாம்.

டிஸ்கோ செத்தது, பீட் சாகவில்லை

1979 ஜூலை 12. அமெரிக்காவின் சிகாகோ. ஒரு பேஸ்பால் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 'டிஸ்கோ டெமாலிஷன் நைட்' என்று அந்த இரவுக்குப் பேரே இருக்கு. டிஸ்கோ மேல் இருந்த கோபத்துக்குப் பின்னால், அதை அதிகம் கொண்டாடிய கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பும் இருந்தது என்று பின்னாளில் பலர் எழுதினார்கள்.

அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்றொரு கிளப். அங்கே ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே, வெறுக்கப்பட்ட அதே டிஸ்கோவை வெட்டி, ஒட்டி, நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். 'வேர்ஹவுஸ்'ல போடுற மியூசிக் என்பதுதான் சுருங்கி 'ஹவுஸ்' ஆனது என்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் விழும் நாலடித் தாளம் அப்படியேதான் இருந்தது. 'டிஸ்கோ' என்றால் முகம் சுளித்தவர்கள், சில வருஷம் கழித்து 'ஹவுஸ்' என்ற பேரில் அதே தாளத்துக்கு ஆடினார்கள்.

டெட்ராய்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்த ஊர் இளைஞர்களின் இசையைத் தொகுத்து 1988-ல் பிரிட்டனில் ஓர் ஆல்பம் வந்தது. முதலில் அதற்கு 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்ற அர்த்தத்தில் பேர் வைப்பதாகத்தான் திட்டம். கடைசியில் 'டெக்னோ' என்ற சொல் அட்டையில் ஏறியது. அதுவரை சிகாகோவின் தம்பியாகப் பார்க்கப்பட்ட ஊர், ஒரே சொல்லால் தனி வீடு கட்டிக்கொண்டது.

1990-களில் இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும்படியான சிக்கலான எலெக்ட்ரானிக் இசைக்கு 'இன்டலிஜென்ட் டான்ஸ் மியூசிக்' என்று பேர் ஒட்டினார்கள். அதாவது, புத்திசாலி நடன இசை! அப்போ மத்த இசைக்கு ஆடுறவங்க எல்லாம் யாரு? அந்த வகையில் சேர்க்கப்பட்ட கலைஞர்கள் பலருக்கே அந்தப் பேர் பிடிக்கவில்லை.

28 வருஷம் கழித்துப் பேர் கிடைத்த ஆல்பம்

பேர் செய்யும் வேலைக்கு நம்ம நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கு. சரண்ஜித் சிங், மும்பையில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த கலைஞர். 1982-ல் அவர் ஓர் ஆல்பம் போட்டார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைஸரில் வாசித்த ஆல்பம். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 மெஷின்களை அதில் பயன்படுத்தியிருந்தார். பெரிதாக விற்கவில்லை. 'டிஸ்கோ பீட்டுல ராகமா' என்று அன்றைய கடைக்காரருக்கே குழப்பம் வந்திருக்கும். கிளாசிக்கல் அலமாரியிலும் வைக்க முடியாது, சினிமா அலமாரியிலும் வைக்க முடியாது.

ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டிபி-303 மெஷினைத் திருகி ஒரு டிராக் வெளியிட்டது. அது 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையின் தொடக்கமாகக் கொண்டாடப்பட்டது. அதற்கும் ரொம்பக் காலம் கழித்து, நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டு சேகரிப்பாளர் ஒருவர் சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தைக் கண்டெடுத்து, 2010-ல் மறுவெளியீடு செய்தார். 'ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு முன்பே ஒரு ஆசிட் ஹவுஸ் ஆல்பமா' என்று உலகமே வாய் பிளந்தது. 70 வயதைக் கடந்த பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்த சரண்ஜித் சிங், 2015-ல் காலமானார்.

1982-லும் 2010-லும் ஒலி ஒன்றுதான். நடுவில் உலகத்துக்கு ஒரு சொல் கிடைத்தது. அந்தச் சொல் வழியாகக் காதும் திறந்தது. காது தானாகக் கேட்பதில்லை மக்களே, பேர் சொல்லிக் கொடுத்தால்தான் பல நேரம் கேட்கிறது.

கோத்தர்களின் மூன்று அலமாரி

சரி, மலைக்கு வருவோம். நீலகிரியில் பேர், தாளம் என்று பேச ஆரம்பித்தால் கோத்தர்களைத் தாண்டிப் போக முடியாது. ஏழு ஊர்களில் வாழும் சிறிய சமூகம். இரும்பு வேலை, மர வேலை, மண்பாண்டம், இசை எல்லாம் அவர்கள் கைவந்த கலை. கொள் என்ற ஊதுகருவி, கொப் என்ற வளைந்த கொம்பு, தபட்க் உள்ளிட்ட தோல் கருவிகள் என்று அவர்களின் இசைக்குழு தனி ரகம்.

கோத்தர் இசையை ஆராய்ந்த அமெரிக்க இசை அறிஞர் ரிச்சர்ட் உல்ஃப் விரிவாக எழுதிய ஒரு விஷயம் நமக்கு இங்கே முக்கியம். கோத்தர்களும் தங்கள் மெட்டுகளை வகை பிரிக்கிறார்கள். எப்படி? சாமிக்கான மெட்டு, ஆட்டத்துக்கான மெட்டு, சாவுக்கான மெட்டு. சாவு மெட்டை சும்மா பொழுதுபோக்குக்கு வாசிப்பதில்லை.

கவனியுங்கள், இதுவும் ஜானர்தான். ஆனால் 'இது யாருடைய இசை, உசந்ததா தாழ்ந்ததா' என்ற கேள்வியே இதில் இல்லை. 'இது எந்த நேரத்துக்கான இசை' என்பது மட்டும்தான் கேள்வி. இன்று நாம் ஒர்க்-அவுட் பிளேலிஸ்ட், தூக்கத்துக்கான பிளேலிஸ்ட் என்று பிரிப்பதற்கு இந்த முறைதான் பக்கத்தில் வருகிறது.

சிக்கல் வெளியிலிருந்து வந்த பேரில்தான் ஆரம்பித்தது. பல தலைமுறைகளாக, அக்கம்பக்கத்துப் படுகர்களின் சாவுச் சடங்கில் கோத்தர் இசை ஒலித்துவந்தது. 1930-களில் படுகர்களில் சீர்திருத்தம் பேசிய ஒரு தரப்பு, 'இனி இந்த இசை வேண்டாம்' என்றது. இன்னொரு தரப்பு, 'இசை இல்லாமல் சாவை எப்படி அனுப்புவது' என்று நின்றது. இசை வேண்டும் என்போர், வேண்டாம் என்போர் என இரண்டு அணிகளாகப் பிரிந்து சண்டையே நடந்ததை, அந்தக் காலத்தில் நீலகிரியில் ஆய்வு செய்த மானுடவியல் அறிஞர் டேவிட் மாண்டல்பாம் பதிவு செய்திருக்கிறார்.

இசை நல்லா இல்லை என்று யாரும் சண்டை போடவில்லை. 'பழைய வழக்கம்' என்ற முத்திரை அந்த இசை மேல் விழுந்தது. அது தங்கள் மதிப்பைக் குறைக்கும் என்று ஒரு தரப்பு நினைத்தது. சமவெளியில் பறைக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். சாவு மேளம், சாதி மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறை, இன்று கல்லூரி விழாக்களிலும் போராட்ட மேடைகளிலும் 'தமிழர் இசை' என்ற பேரில் அதிர்கிறது. தோல் அதே தோல், குச்சி அதே குச்சி. மாறியது பேரும், அதை அடிக்கிறவர்களின் நிமிர்வும்!

'ஃபோக்' என்ற பெட்டி

அதே படுகர்களின் இன்றைய இசைக்கு வாங்க. கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி, 2024-ல் தங்கை கல்யாணத்தில் ஆடிய வீடியோக்கள் வைரலானபோது, படுகர்களின் உடையும் கல்யாண முறையும் பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. ஹட்டி என்று அழைக்கப்படும் படுகர் ஊர்களில் கல்யாணம், பண்டிகை என்றால் ஆட்டம் இல்லாமல் முடியாது. வட்டமாக நின்று, எல்லோரும் ஒரே காலடியில் நகர்ந்து, திரும்பி ஆடுவது. பாட்டி, பேரன் எல்லோரும் ஒரே வட்டத்தில்.

இந்த ஆட்டத்துக்கான பாட்டுகள் கேசட்டில் வந்தன, சி.டி-யில் வந்தன, இப்போது யூடியூபில் வருகின்றன. பல பாட்டுகளில் தாளம் ரிதம் பேடில், பேஸ் கீபோர்டில், மிக்ஸிங் கம்ப்யூட்டரில். நியாயமாகப் பார்த்தால் இதுவும் எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்தான். எலெக்ட்ரானிக்காக உருவாகிறது, ஆடுவதற்காக உருவாகிறது, மியூசிக் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் யாரும் இதை இ.டி.எம் என்று சொல்வதில்லை. 'ஃபோக்' என்கிறோம், 'வட்டார இசை' என்கிறோம், சில நேரம் 'ட்ரைபல் டான்ஸ்' என்கிறோம்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கு. படுகர்கள் இன்று அரசின் பட்டியல் பழங்குடியினரில் இல்லை. சேர்க்கச் சொல்லும் கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் மேல் விவாதமும் இருக்கிறது. அந்த விவாதத்தின் முடிவு என்னவாக இருந்தாலும், செய்தியிலும் ரீல்ஸிலும் அவர்களின் நடனத்துக்கு 'பழங்குடி நடனம்' என்ற தலைப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. வேடிக்கை பார்க்க ஒரு பேர், உரிமை கேட்கும்போது வேறு பேர்!

தமிழ்நாட்டின் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருக்கும் ஆறு மொழி மரபு, ஆறு விதமான இசை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் முன் மேடையேறும்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அறிவிப்பு: 'அடுத்து, பழங்குடியினர் நடனம்.' கர்னாடக இசையில் ராகத்துக்கு ராகம் வித்தியாசம் பார்க்கும் நாம், இங்கே ஆறு சமூகங்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1987-ல் லண்டனில் ஒரு பப்பில் சில இசை நிறுவனத்தார் கூடி, ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று யோசித்து, 'வேர்ல்டு மியூசிக்' என்ற பேரை முடிவு செய்தார்கள். விற்பனைக்கு உதவியது உண்மை. ஆனால், உலகத்தின் முக்கால்வாசி இசை ஒரே பெட்டிக்குள் போய்விட்டது. கிராமி விருதே 2020-ல் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'குளோபல் மியூசிக்' என்று மாற்றிக்கொண்டது. இ.டி.எம் உலகத்தில் 'ட்ரைபல் ஹவுஸ்' என்று ஒரு வகை இன்றும் இருக்கிறது. எந்த ட்ரைப்? யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

நீலகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவை நினைவிருக்கும். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக, 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி ஆனார். உடனே ஒரு சர்ச்சை: 'முறைப்படி இசை கற்றவர்களுக்குத்தானே இந்த விருது?' அவருக்கு ஆதரவாகவும் பலர் குரல் கொடுத்தார்கள். 'சிறந்த நாட்டுப்புறப் பாடகி' என்று ஒரு விருது கொடுத்திருந்தால் சர்ச்சையே வந்திருக்காது. அதுதான் இங்கே விஷயம். பெட்டிக்குள் இருக்கும்வரை கைதட்டுவோம். பெட்டியை விட்டு வெளியே வந்து பொது மேடையில் நின்றால், 'நீங்க எப்படி இங்கே' என்று கேட்போம்.

'ரேவ்' என்றால் போலீஸ், 'கலாசாரம்' என்றால் பர்மிஷன்

ஃபோக் என்ற பேர் ஓர் இசையைச் சின்னதாக்குகிறது என்றால், 'ரேவ்' என்ற பேர் இன்னோர் இசையைக் குற்றவாளி ஆக்குகிறது. 2019 மே மாதம் பொள்ளாச்சி அருகே ஒரு ரிசார்ட்டில் நடந்த பார்ட்டியில் 150-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிபட்டது பெரிய செய்தி ஆனது. போதைப்பொருள் குற்றம்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதுபோன்ற செய்திகளுக்குப் பிறகு நம்ம வீடுகளில் என்ன நடந்தது? டி.ஜே, டெக்னோ, ட்ரான்ஸ், ரேவ் எல்லாம் ஒரே சொல் ஆகிவிட்டன. 'டெக்னோ கேட்கிறேன்' என்று ஒரு பையன் சொன்னால், அம்மாவின் கண்ணில் தெரிவது இசை இல்லை, எஃப்.ஐ.ஆர்!

இந்தப் பயத்தைச் சட்டமாகவே எழுதிய நாடு பிரிட்டன். 1994-ல் வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில், திறந்தவெளியில் இரவில் 100 பேரோ அதற்கு மேலோ கூடும் ரேவ் கூட்டங்களைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எந்த இசை என்று சொல்ல வேண்டுமே? திரும்பத் திரும்ப வரும் பீட்டுகளைக் கொண்ட ஒலி என்று விளக்கம் எழுதினார்கள். அந்த விளக்கத்தை நம்ம ஊருக்குக் கொண்டு வந்தால் பம்பை, உடுக்கை, கோயில் திருவிழா மேளம் எல்லாமே மாட்டும்!

நம்ம நாட்டு விதி எப்படி? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பேரைக் கேட்பதில்லை, டெசிபலைக் கேட்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. நல்ல விதி. ஆனால் ஒரு விலக்கு உண்டு. மத, கலாசார விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம்.

இங்கேதான் பேர் மறுபடி உள்ளே வருகிறது. எது கலாசாரம்? ஹட்டியில் கீபோர்டு தாளத்தோடு நடக்கும் ஆட்டம் கலாசாரம் என்றால், அதே ஸ்பீக்கரில் அதே சத்தத்தில் ஒரு மலைப் பையன் போடும் டெக்னோ கலாசாரம் ஆகுமா, ஆகாதா? யார் முடிவு பண்றது?

இந்தக் கேள்விக்கு நீலகிரியில் இன்னொரு தரப்பும் இருக்கு. யானை. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன. கிளப் இசையின் பேஸ் ஒலி யானையின் கேட்கும் எல்லைக்குள்தான் வரும். தாழ்ந்த ஒலி தூரமும் போகும். முதுமலையை ஒட்டிய சீகூர் பகுதி யானை வழித்தடத்தைப் பாதுகாக்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அந்த மாதிரி இடத்தில் சப்-வூஃபர் வைப்பது தப்பு. ரேவ் என்பதால் தப்பு இல்லை; எந்தப் பேரில் வைத்தாலும் தப்பு. பக்திப் பாட்டு என்றாலும், அரசியல் கூட்டம் என்றாலும், கல்யாணம் என்றாலும் யானைக்கு அது ஒரே அதிர்வுதான். ஜானர் பார்க்காத ஒரே ரசிகர் அவர் மட்டும்தான்!

பேரை வைத்து முடிவு செய்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். 'கலாசாரம்' என்ற பேர் உண்மையான தொந்தரவை மறைத்துவிடும். 'ரேவ்' என்ற பேர் தொந்தரவே இல்லாத ஹெட்ஃபோன் இசையையும் சந்தேகப்பட வைக்கும்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து ரீமிக்ஸ் வரை

இதெல்லாம் வெறும் பேர்ப் பிரச்னைதானே என்று தோன்றினால், 'என்ஜாய் எஞ்சாமி' கதையைப் பாருங்கள்.

2021 மார்ச்சில் வெளியானது. தீ, அறிவு குரல். சந்தோஷ் நாராயணன் இசை. அந்தப் பாட்டின் மையத்தில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து தமிழ்நாடு திரும்பியவர். அதே மாதிரி திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நீலகிரியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவானதுதான், பின்னாளில் டான்டீ ஆன அரசுத் தேயிலைத் திட்டம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் லயன் வீடுகளில் கேட்டால், அந்தப் பாட்டின் கதை அவர்கள் வீட்டுக் கதை.

இலங்கை மலையகத்தில் காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடிக்கும் வழக்கம் இருந்தது. வேலைக்குக் கூப்பிடும் அதே தப்பு, சாவுக்கும் திருவிழாவுக்கும் ஒலித்தது. ஒப்பாரி, தப்பு, உழைப்பு எல்லாம் ஊறிய அந்த மரபிலிருந்து வந்த பாட்டு, அதே 2021-ல் பிரான்ஸின் இ.டி.எம் நட்சத்திரம் டி.ஜே ஸ்நேக் கையில் ரீமிக்ஸ் ஆனது.

அந்தக் காலகட்டத்தில் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அறிவை வைத்து அந்தப் பத்திரிகை ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மேடைக்குப் பிறகு, யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதில் கலைஞர்களுக்கு இடையிலேயே பொதுவெளியில் வெவ்வேறு விளக்கங்கள் வந்தன. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை.

ஆனால் ஜானர் செய்யும் வேலையை மட்டும் பார்க்கலாம். ஹிப்-ஹாப் என்றோ ஒப்பாரி என்றோ கேட்டால், எழுதியவர் யார், யாருடைய கதை என்று முதலில் தேடுவோம். அந்த மரபுகளில் சொல்தான் உயிர். இ.டி.எம் ரீமிக்ஸ் என்று கேட்டால், முதலில் பெரிய எழுத்தில் தெரிவது டி.ஜே பேர். பாடல் அப்போது மூலப்பொருள். குரல் அப்போது சாம்பிள். வகை மாறியதும், யார் 'கலைஞர்', யார் 'பின்னணி' என்ற வரிசையும் மாறிவிடுகிறது.

இதன் உச்சக்கட்ட உதாரணம் 1992-ல் வந்தது. டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையரின் 'ஸ்வீட் லல்லபை' உலகம் முழுக்க ஹிட். ஆப்பிரிக்கக் காட்டின் குரல் என்ற தோரணையில் விற்ற ஆல்பம் அது. அந்தத் தாலாட்டைப் பாடியவர் ஆப்பிரிக்கரே இல்லை. பசிபிக் கடலின் சாலமன் தீவுகளைச் சேர்ந்த அஃபுனாக்வா என்ற பெண். ஓர் ஆய்வாளர் பதிவு செய்த அவர் குரல், டான்ஸ் டிராக்காகி லட்சக்கணக்கில் விற்றது. கேட்டவர்கள் பெரும்பாலோருக்கு அவர் பேர் தெரியவே இல்லை. நாளைக்கு ஒரு தோடர் பெரியவரின் குரலோ, கோத்தர் கொள்ளின் ஒலியோ 'எத்னிக் சாம்பிள்' என்று ஒரு ஃபோல்டருக்குள் போய்விட்டால், அந்த ஃபோல்டரில் ஊர்ப் பேர் இருக்குமா?

அந்த டிராப்-டவுனில் எதை கிளிக் பண்றது?

இன்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பொண்ணு போனில் ஆப் இறக்கி, பாட்டி பாடியதைப் பதிவு செய்து, அடியில் ஒரு கிக் டிரம் போட்டு டிராக் தயார் பண்ண முடியும். ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றப் போகும்போது ஒரு கட்டம் வரும்: 'ஜானரைத் தேர்ந்தெடுக்கவும்.' அதைத் தாண்டாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

'ஃபோக்' என்று கிளிக் பண்ணினால், கேட்பவர்கள் புல்லாங்குழலையும் மண்வாசனையையும் எதிர்பார்ப்பார்கள். 'ஏன் இவ்வளவு மெஷின் சத்தம், ஒரிஜினாலிட்டி போச்சே' என்பார்கள். 'எலெக்ட்ரானிக்' என்று கிளிக் பண்ணினால் பெர்லின், மும்பை டிராக்குகளோடு போட்டி. 'இதுல என்ன பாஷை பாடுறாங்க' என்பார்கள். ஒரு சின்ன டிராப்-டவுன், அவளுடைய ரசிகர்கள் யார், அவளுக்கு என்ன மேடை, என்ன சம்பளம் என்று பாதிக்குமேல் முடிவு பண்ணிவிடுகிறது.

அதுக்காக ஜானரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பேர் இல்லாமல் போனால் சரண்ஜித் சிங்குக்கு நடந்ததுதான் நடக்கும். அலமாரியில் இடம் இல்லாத ஆல்பம் காணாமல் போகும். டெட்ராய்ட் பசங்களுக்கு 'டெக்னோ' என்ற பேர் சோறு போட்டது. சென்னையில் ஒரு காலத்தில் இளக்காரமாகச் சொல்லப்பட்ட 'கானா'வை, அதைப் பாடியவர்களே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தபோது அது மேடை ஏறியது. பேர் யார் வைக்கிறாங்க என்பதில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கு. அடுத்தவங்க வெச்சா அது முத்திரை. நாமே வெச்சுக்கிட்டா அது முகவரி.

கேட்கிறவங்களா நம்ம பக்கம் செய்யக்கூடியது ரொம்பப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடுத்த முறை ஊட்டி ரீல்ஸில் ஒரு தாளம் வந்தால், 'ட்ரைபல் வைப்ஸ்' என்று கமென்ட் போடுவதற்கு முன்னாடி, யாருடைய தாளம் என்று ஒரு தட்டு தேடலாம். ரீமிக்ஸ் பிடித்தால் ஒரிஜினலையும் ஒரு தடவை ஓட விடலாம்; பாடியவர், எழுதியவர் பேரையும் ஸ்டோரியில் சேர்த்துப் போடலாம். பக்கத்து ரிசார்ட்டில் சத்தம் என்றால், 'என்ன கருமம் இந்த இ.டி.எம்' என்று திட்டாமல், மணி என்ன, எத்தனை டெசிபல் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் சட்டத்தில் பதில் இருக்கிறது.

கோத்தர்கள் மூன்று அலமாரியோடு பல தலைமுறை ஓட்டிவிட்டார்கள்: சாமிக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு. நம்ம ஆப்களில் நூற்றுக்கணக்கான ஜானர் இருக்கு. ஆனாலும் ஹட்டியில் கீபோர்டு முன்னாடி நின்று கூட்டத்தை விடிய விடிய ஆட வைக்கும் அண்ணனை 'எலெக்ட்ரானிக் ஆர்ட்டிஸ்ட்' என்று கூப்பிட, அந்த நூற்றில் ஒன்றிலும் நாம் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.